கிளியின் வயதும் கிளியின் உணவும்

சென்ற ஆண்டு ஒரு வியாழக்கிழமை மாலை. விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்திற்குச் செல்லும் தெரு, வழக்கம்போல் மக்களால் நிறைந்திருந்தது. அங்கே ஒரு மதிலோரத்தில், காக்கைகள் சூழ, பச்சைக்கிளி ஒன்று பறக்க இயலாமல் கிடந்தது. சிறகுகள் கத்தரிக்கப்பட்டிருந்தன, எவர் கூண்டிலிருந்தோ தப்பி வந்த கிளி. அலகு நீண்டு வளைந்திருந்தது. கால்களில் செதில் தடித்திருந்தது. "கிழட்டுக் கிளி தம்பி! பாலும் பழமும் கொடு, போகிற உயிர் நிம்மதியாகப் போகட்டும்" என்றார் பூ விற்ற அம்மா. நானும் அவ்வாறே எண்ணினேன். இருவர் எண்ணமும் பிழை என்பதைப் பறவை மருத்துவர் மறுநாள் உணர்த்தினார்.

கிளியின் வயதை எவ்வாறு அறிவது? இளங்கிளியின் கண் முழுதும் கறுத்திருக்கும். வளர வளரக் கண்மணியைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றும். ஆண்கிளியின் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமும் கலந்த ஆரம் ஏறக்குறைய மூன்றாம் ஆண்டில் நிறைவுறும். எங்கள் கிளிக்கு இரண்டும் இருந்தன. ஆதலின், இது வளர்ந்த கிளி எனலாம். அதற்குமேல் 4 ஆண்டா, 20 ஆண்டா என்று உடலைக் கண்டு உறுதியாகக் கூற வழியில்லை. நன்கு பேணினால் 25 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய இனம் இது.

அப்படியாயின் அந்த நீண்ட அலகு? "வயதைப் பிறகு பார்ப்போம், இதுவரை என்ன தின்றிருக்கும், அதைச் சொல்லுங்கள்" என்றார் மருத்துவர். கூண்டுக் கிளிகளுக்குப் பெரும்பாலும் சூரியகாந்தி விதையே உணவு. அதில் கொழுப்பு மிகுதி. வைட்டமின் ஏ-யும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. ஆண்டுக்கணக்கில் அதையே தின்றால் ஈரல் கெடும். ஈரல் கெட்டால் அலகு அளவின்றி வளரும். வைட்டமின் ஏ குறைந்தால் தோல் தடித்துச் செதிலாகும். கண்புரையும் மூட்டு நோயும் மூப்பினால் வரலாம். ஆனால் நாம் மூப்பென்று கைவிடுவதில் ஒரு பகுதி வெறும் ஊட்டக்குறைவே.

உணவு யாது? முருங்கைக்கீரை, கேரட், பரங்கிக்காய், முளைகட்டிய பயறு, வேகவைத்த சிறுதானியம், சிறிது கொய்யா. மிளகாயும் தரலாம், அதன் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. பால் ஆகாது, பாலிலுள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. நம் பெங்களூரில் பட்டர் ஃப்ரூட் எனப்படும் வெண்ணெய்ப் பழமோ கிளிக்கு நஞ்சு. உப்பு, காப்பி, சாக்லேட், பூஞ்சை பிடித்த வேர்க்கடலை ஆகியனவும் விலக்கத்தக்கவை.

விதையை ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. பழகாத உணவைத் தொடாமல் கிளி பட்டினி கிடந்தே இறக்கும். சில வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றி, நாள்தோறும் காலையில் எடை பார்க்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

நண்பர்களே, இரக்கத்தினாலும் கிளியை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. வனத்துறையிடமோ, கெங்கேரியிலுள்ள பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் மருத்துவமனை போன்ற மீட்பகத்திடமோ ஒப்படையுங்கள். கத்தரித்த சிறகு, இறகு உதிர்ந்து முளைக்கும்போது மீளும்.

நாங்கள் ஒப்படைத்த கிளிக்கு இப்போது புதுச்சிறகு அரும்பியிருக்கிறது. அதன் வயது இன்றும் எனக்குத் தெரியாது.