சட்டத்தின் செலவுக் கணக்கு – 9
பட்டறைக்காரரும் ஏழாண்டும்

2019 நவம்பர் 29 அன்று மக்களவைக்கு வந்த ஆயுதச் சட்டத் திருத்த மசோதா, டிசம்பர் 10-ஆம் தேதி மாநிலங்களவையையும் தாண்டிவிட்டது. அதே மாதம் 14-ஆம் தேதி அமலுக்கு வந்தது. கொண்டாட்டத்தில் கண்மூடித்தனமாகச் சுடுவது தனிக் குற்றமானது. இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அது வடக்கத்திக் கல்யாண ஊர்வலங்களை மனத்தில் வைத்து எழுதியது. நம் பக்கத்துக் கல்யாணத்தில் வாணவேடிக்கை உண்டு, துப்பாக்கி கிடையாது.

நம்மைத் தொடுவது அச்சட்டத்தின் 25(1) பிரிவு. உரிமமில்லாமல் துப்பாக்கி செய்வது, விற்பது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மூன்று முதல் ஏழாண்டு என்றிருந்த தண்டனை, ஏழாண்டு முதல் ஆயுள் வரை என்று ஏறியது.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கும் மங்கலம்பேட்டையை எடுத்துக்கொள்வோம். பேரூராட்சி, சொந்தமாக ஒரு காவல் நிலையம். சுற்றுவட்டாரத்தில் மக்காச்சோளமும் கடலையும் போட்டவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை தெரியும். அங்கே ஒரு பட்டறைக்காரர், யாரோ கொண்டுவந்த பழைய நாட்டுத் துப்பாக்கியின் குதிரையைச் சரிசெய்து கொடுத்தார் என்று வழக்குப் பதிவாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சட்டப்படி இது விருத்தாசலம் நீதித்துறை நடுவர் முன்பே நடந்து முடியும். ஏழாண்டுக்கு மேல் தண்டனை தரத்தக்க குற்றமென்றால் அமர்வு நீதிமன்றம்தான் விசாரிக்க வேண்டும். ஆகவே நடுவர் இப்போது கோப்பை மேலே அனுப்புபவர் மட்டுமே. கொலை வழக்குகள் காத்திருக்கும் அதே வரிசையில் இந்தக் குதிரையும் போய் நிற்கிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் 60 நாளில் கிடைத்த ஜாமீன் உரிமை, ஆயுள் தண்டனை வரை போகும் குற்றம் என்பதால் 90 நாளுக்குத் தள்ளிப்போகிறது. அந்த முப்பது நாளும் கடலூர் கேப்பர் மலைச் சிறையில் அவருக்குச் சோறு போடுவது அரசு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடலூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அழைத்துவர வழிக்காவலுக்குப் போலீஸ் வேண்டும். அன்றைக்கு அவர்கள் செய்ய வேண்டிய வேறு வேலை நிற்கும். வக்கீல் வைக்க வழியில்லாதவருக்குச் சட்ட உதவி மையம் ஆள் தர வேண்டும். துப்பாக்கி சுடக்கூடியதுதானா என்று தடய அறிவியல் நிபுணர் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனையுள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வரவேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த ஐந்தாண்டு அவகாசம். அதற்கான ஆட்களை நியமித்துச் சம்பளம் தரவேண்டியதும் மாநிலந்தான். தண்டனையை உயர்த்தியது டெல்லி.

இந்தக் கணக்கை முன்கூட்டியே போடச் சொன்ன வழக்கு நம் சேலத்துப் பெயரைத் தாங்கியது. சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஜகந்நாத ராவ் குழுவின் யோசனையை எடுத்துக்கொண்டது: புதுச் சட்டம் எத்தனை வழக்குகளைக் கொண்டுவரும், அதற்கு எத்தனை நீதிமன்றம், எவ்வளவு பணம் என்று மசோதாவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1989-இல் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கியபோது யாரும் அதைச் சொல்லவில்லை. 2008-இல் சட்ட ஆணையம் எண்ணிப் பார்த்தபோது 38 லட்சத்துக்கு மேல் காசோலை வழக்குகள் தேங்கியிருந்தன. அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், சிறைவாசத்தைக் கூட்டும் மசோதா எதுவானாலும் அதற்காகும் சிறைச் செலவைக் குறிப்பிட வேண்டும். கணிக்க முடியாவிட்டாலும் குறைந்தது 50,000 டாலர் என்று எழுதியாக வேண்டும்.

துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டாம் என்பது என் வாதமல்ல. வேண்டும், கடுமையாகவே வேண்டும். ஆயுதம் கடத்துபவனுக்கு இதே திருத்தம் பத்தாண்டு முதல் ஆயுள் வரை தனிப் பிரிவு வைத்திருக்கிறது, அது நியாயம். கூலிப்படைக்குக் கைத்துப்பாக்கி செய்து விற்பவனையும் பன்றி விரட்டும் துப்பாக்கியைத் தட்டிச் சரிசெய்தவரையும் ஒரே ஏழாண்டில் கட்டியதுதான் அநியாயம். முன்பு மூன்றுக்கும் ஏழுக்கும் இடையில் ஆளைப் பார்த்து அளக்க நீதிமன்றத்துக்கு இடமிருந்தது. இப்போது ஆரம்பமே ஏழு.

செலவு பிடிக்கும் மசோதாவோடு நிதிக் குறிப்பு இணைக்க வேண்டும் என்று மக்களவை விதி 69 ஏற்கெனவே சொல்கிறது. அந்தக் குறிப்பில் விருத்தாசலம் அமர்வு நீதிமன்றத்துக்கும் கேப்பர் மலைக்கும் ஆகும் தொகை ஒரு வரியாக இருந்திருந்தால், ‘பழுதுபார்ப்பது’ என்ற சொல் அந்தப் பிரிவில் இருக்க வேண்டுமா என்று உறுப்பினர் ஒருவராவது எழுந்து கேட்டிருக்கலாம். கடலூர் மாவட்டத்து மக்களவை உறுப்பினர்களிடம் அடுத்த திருத்தம் வரும்போது நாம் கேட்க வேண்டியது அந்த வரியைத்தான்.