யாருடைய கைபேசிக்குப் போகிறது படிவம்?

இணையப் படிவம் திரையில் ஒரு வினாத்தாளாகத் தெரிகிறது. அதற்கு அடியில் இருப்பது ஓர் அட்டவணை. ஒவ்வொரு கேள்வியும் மேலிருந்து கீழே ஓடும் ஒரு நிரல். ஒவ்வொரு வீட்டுப் பதிலும் இடமிருந்து வலம் ஓடும் ஒரு நிரை. பெற்றோர் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானைத் தொட்டதும், அந்த நிரை நாளும் நேரமும் சேர்ந்து ஆசிரியரின் கணக்கில் ஏறிவிடுகிறது. வகுப்பின் வருகைப் பதிவேடும் இதே அமைப்புதான். நிரப்புவது ஆசிரியர் அல்ல, பெற்றோர். நடுவில் பார்த்து எழுதும் வேலை யாருக்கும் இல்லை என்பதே வேறுபாடு.

பதிலுக்கு ஒரு நிலையான இடம் கொடுத்தால் எண்ணுவது எளிது என்பது பழைய கண்டுபிடிப்பு. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு அதைச் செய்து காட்டினார். இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் 1995-இல் வெளியான 2.0 தரநிலையில் இணையப் பக்கத்துப் படிவமும் இடம்பெற்றது. கூகுள் ஃபார்ம்ஸ் 2008-இல் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அது பரவலானது 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு. வாட்ஸ்அப் குழுவில் பாடமும், அதன் பின்னாலேயே பத்து மதிப்பெண் வினாப் படிவமும் வந்தன.

தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம் வட்டாரத்தில் இந்தக் கருவிக்கு ஒரு தனித் தேவை உண்டு. செந்நிற மணல்மேடுகளான தேரியும் பனங்காடும் சூழ்ந்த பகுதி இது. பக்கத்தில் பெரியதாழைக் கடற்கரை. சென்னையிலும் மும்பையிலும் மளிகைக் கடை வைத்திருப்போர் இவ்வட்டாரத்தில் பலர். அப்படிப்பட்ட வீட்டில் பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் அப்பா 600 கிலோமீட்டருக்கு அப்பால் கல்லாவில் இருப்பார். கையொப்பத்துக்காகக் குழந்தையின் பையில் போகும் தாளை அவர் பார்க்க முடியாது. படிவத்தின் இணைப்பு இரண்டு நொடியில் அவரிடம் போய்விடும்.

ஆனால் குழந்தைக்கு நேற்றிரவு காய்ச்சல் இருந்தது அம்மாவுக்குத்தான் தெரியும். பள்ளியில் பதிவான எண் அப்பாவுடையது. அம்மாவிடம் இருப்பது பொத்தான் போனாக இருக்கலாம். கடலுக்குப் போகும் வீட்டில் அப்பாவின் போன் அலைவரிசைக்கு எட்டாத இடத்திலும் இருக்கலாம். ஆகவே ஆண்டின் முதல் படிவம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தச் செய்தி யாருடைய கைபேசிக்கு வருகிறது, அவர் குழந்தையோடு இருக்கிறாரா? இதைக் கேட்காமல் அனுப்பும் படிவங்கள் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் பல வீடுகளைத் தொடாமல் போகும். இணையம் இல்லாத வீட்டுக்கு அதே கேள்விகள் தாளிலோ தொலைபேசி அழைப்பிலோ போய், அந்தப் பதிலை ஆசிரியரே அட்டவணையில் ஏற்றுவதே நியாயமான வழி.

படிவத்தை அமைப்பதில் தொல்லை தருவது பெயர். முத்துச்செல்வி என்ற ஒரே பெயரை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதுவார்கள். தலைப்பெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், விட்டும் போகும். கணினிக்கு அவை நான்கு வெவ்வேறு பிள்ளைகள். தமிழ்நாட்டில் இதற்கு விடை கையிலேயே இருக்கிறது: கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, அதாவது ‘எமிஸ்’, ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எண். அந்த எண்ணை ஒரு கேள்வியாக வைத்து, இலக்கம் குறைந்தால் படிவம் ஏற்காதபடி கட்டுப்பாடு போட்டுவிட்டால் குழப்பம் பெரிதும் தீரும். கிளைக் கேள்வியும் உதவும். பிள்ளை பேருந்தில் வருகிறதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றவருக்கு மட்டும் எந்தப் பேருந்து, எந்த நிறுத்தம் என்று அடுத்த பக்கம் திறக்கும். நடந்து வருபவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

வகுப்பறைக்குள் படிவம் வேறு வேலை செய்கிறது. தேரி மணல் ஏன் சிவப்பு என்று நான்கு விடைகளோடு கேட்கலாம். மணல் துகள்களின் மேல் படிந்துள்ள இரும்பு ஆக்சைடுதான் காரணம். பாதி வகுப்பு ‘வெயில்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால், மறுநாள் எங்கிருந்து தொடங்குவது என்பது ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும். தெரிவு விடையைக் கணினி திருத்தும். பிள்ளை தன் சொற்களில் எழுதிய காரணத்தை ஆசிரியர்தான் படிக்க வேண்டும். அந்த நேரத்தை அவருக்கு மிச்சப்படுத்திக் கொடுப்பதில்தான் படிவத்தின் பயன் இருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் நடைமுறை பல வேளைகளில் இதற்கு நேர்மாறாகப் போயிருக்கிறது. வருகை முதல் நலத்திட்டப் பொருள் வரை செயலியில் ஏற்றுவதிலேயே பாட நேரம் கரைகிறது என்று ஆசிரியர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அது நியாயமான குறை. பதிவேட்டில் ஏற்கெனவே உள்ளதை மீண்டும் கேட்கும் படிவம் யாருக்கும் உதவாது. பெற்றோரும் மூன்றாவது படிவத்தோடு சலித்துவிடுவார்கள்.

பெற்றோரின் குரலுக்குச் சட்டத்தில் இடமுண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் எழுந்து பேசத் தயங்கும் தாய்மார், கழிப்பறையில் தண்ணீர் வராததைப் பெயர் கேட்காத படிவத்தில் எழுதிவிடுவார்கள். அடுத்த கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த படிவம் காலியாகத்தான் திரும்பும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்றே வரையறுத்து, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் பொதுப் படிவத்தில் ஆதார் எண்ணோ, சாதியோ, நோய் விவரமோ வேண்டாம். விடைச் சுருக்கத்தை எல்லோருக்கும் காட்டும் அமைப்பு நிறுத்தப்பட்டிருக்கிறதா என்பதை அனுப்புமுன் பார்த்துவிட வேண்டும். ஒரு பிள்ளையின் வலிப்பு நோய் ஊர் முழுக்கத் தெரிவதற்கு ஒரு தவறான சொடுக்குப் போதும்.

இணையப் படிவத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. மின்சாரமும் கைபேசிச் சேவையும் பல இடங்களில் நாள்கணக்கில் இல்லை. மேகக் கணினியில் இருக்கும் அட்டவணை அப்படிப்பட்ட நாளில் எட்டாது. பெற்றோர் எண்களின் அச்சுப் படி ஒன்று, பருவத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, தலைமை ஆசிரியர் அறையில் உயரமான அலமாரியில் இருக்கட்டும். பெற்றோரும் சிம் மாற்றினால் அன்றே வகுப்பாசிரியரிடம் புது எண்ணைச் சொல்லிவிடட்டும்.