புண்ணை ஆற்றுவது மூலிகையா, ஜெல்லா?

“புண்ணைக் காற்றாட விடு, காய்ந்தால்தான் ஆறும்” என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். பொருக்குத் தட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைக்கிறோம். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நம்பினார்கள். 1962-ல் பிரிட்டனில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களைச் செய்து, சிலவற்றைத் திறந்தபடியே விட்டார், மற்றவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. புதுத் தோலின் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து வருபவை. மேலே பொருக்கு இறுகியிருந்தால், ஈரம் இருக்கும் ஆழம்வரை இறங்கி அதன் அடியில் குடைந்துகொண்டுதான் அவை போக முடியும். ஈரமான பரப்பில் அந்தத் தொல்லை இல்லை.

ஜெல் கட்டு என்ற பொருளுக்கே அடிப்படை இந்தக் கண்டுபிடிப்புதான். மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து, அந்த வலைக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கிடைப்பது ஹைட்ரோஜெல். உடலோடு ஒத்துப்போகும் இத்தகைய ஜெல்லைப் பற்றி, பிராக் நகரில் ஓட்டோ விக்டர்லேயும் டிராஹோஸ்லாவ் லிமும் 1960-ல் எழுதினார்கள். கண்ணின் மேல் பொருத்தும் மென்மையான லென்ஸ் அதிலிருந்து பிறந்தது. புண்ணின் மேல் வைக்கும்போது ஜெல் பல வேலைகளைச் செய்கிறது. உலர்ந்த புண்ணுக்கு ஈரம் தருகிறது. செத்த சதையை ஊறவைத்து, உடலின் நொதிகளே அதைக் கரைத்து அகற்ற உதவுகிறது. எரிச்சலைக் குளிர்விக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டு மாற்றும்போது ஒட்டிக்கொள்வதில்லை. காய்ந்து ஒட்டிய காஸ் துணியைப் பிரிக்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து பிய்ந்து வரும் வேதனையை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நீர் நிறையக் கசியும் புண்ணுக்கு இந்த ஜெல் பொருந்தாது. சுற்றியுள்ள நல்ல தோலும் ஊறி, வெளுத்து, சிதைந்துவிடும். அங்கே ஆல்ஜினேட் கட்டு கைகொடுக்கிறது. இது பழுப்புக் கடற்பாசியிலிருந்து வருவது. ராமநாதபுரம் கடலோரத்தில் சேகரிக்கும் கட்டக்கோரைப் பாசியில் இருப்பதும் இதே சரக்குதான். கட்டிலுள்ள கால்சியம் புண்நீரிலுள்ள சோடியத்தோடு இடம் மாறிக்கொள்ள, உலர்ந்த இழைகள் நீரை உறிஞ்சி அங்கேயே ஜெல்லாக மாறுகின்றன. வெளியேறும் கால்சியம் ரத்தம் உறையவும் துணைசெய்கிறது.

இனி மூலிகைக்கு வருவோம். வயலில் அரிவாள் பட்டால் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிவது, மஞ்சளைக் குழைத்துப் பூசுவது, தீப்பட்ட இடத்தில் சோற்றுக்கற்றாழைச் சதையைத் தேய்ப்பது எல்லாம் நமக்குப் பழக்கமானவை. ஆறாப் புண்களுக்குச் சித்த மருத்துவர்கள் ஊமத்தை இலைச் சாற்றில் காய்ச்சிய மத்தன் தைலத்தைத் தருகிறார்கள். மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் 1995-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றபோது, இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்று காட்டி வழக்காடியது. 1997-ல் காப்புரிமை ரத்தானது. பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் அங்கே நிலைநாட்டப்பட்டது இந்த அறிவு புதிதல்ல என்பது மட்டுமே. மஞ்சள் எந்தப் புண்ணை, எந்த அளவில், எவ்வளவு சீக்கிரம் ஆற்றும் என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது ஆய்வகங்கள் கேட்கின்றன. அடிபட்டதும் புண் சிவந்து வீங்கும் அழற்சி, தேவையான கட்டம். கிருமியையும் குப்பையையும் உடல் அப்போது துடைக்கிறது. சர்க்கரை நோயாளியின் புண் பல நேரம் இந்தக் கட்டத்திலேயே தேங்கிவிடுகிறது. அழற்சி ஓயாமல் நீடிக்க, அங்கே சுரக்கும் நொதிகள் புதிதாக உருவாகும் கொலாஜன் புரதத்தையே அரித்துவிடுகின்றன. மஞ்சளின் குர்குமின் அழற்சியைத் தணிக்கக்கூடியது. வல்லாரையின் ஆசியாட்டிகோசைடு, கொலாஜனைச் சுரக்கும் செல்களைத் தூண்டுகிறது. இரண்டும் ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விளைவுகள்.

சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர், குர்குமினோ தண்ணீரில் கரையாது. அதனால் அதை நுண்ணிய கொழுப்புக் குமிழ்களுக்குள்ளோ, சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையங்களுக்குள்ளோ பொதிந்து ஜெல்லில் கலக்கிறார்கள். வெளிச்சம் பட்டாலும் காரத்தன்மை கூடினாலும் குர்குமின் சிதையும். நாள்பட்ட புண்களோ பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்தே இருக்கின்றன. மருந்து மொத்தமும் முதல் நாளிலேயே வெளியேறிவிடாமல் சிறிது சிறிதாகக் கசிய வேண்டும். அளவு கூடினால் காப்பாற்ற வந்த செல்களையே கொன்றுவிடும். இத்தனையையும் ஒரு மெல்லிய படலத்துக்குள் சரிக்கட்டுவதுதான் இந்தத் துறையின் உண்மையான உழைப்பு, அது மதிக்கத்தக்கது.

செய்தித்தாள்களில் வரும் “மூலிகை ஜெல் புண்ணை வேகமாக ஆற்றியது” என்ற தலைப்புகளைப் படிக்கும்போது, யாருடைய புண் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது எலியின் புண்ணாக இருக்கும். எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப் படலம் ஒன்று உண்டு. காயம் பட்டதும் அது சுருங்கி, ஓரங்களை இழுத்து மூடிவிடும். மனிதத் தோல் அந்த அளவுக்குச் சுருங்கி மூடுவதில்லை, பெரும்பாலும் சதை ஊறி, மேலே தோல் படர்ந்துதான் ஆற வேண்டும். விண்டர் பன்றியைத் தேர்ந்ததில் அர்த்தம் இருந்தது. அதன் தோல் நம் தோலுக்கு நெருக்கமானது. எலியிலேயே சோதிக்க வேண்டுமென்றால் காயத்தைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்துச் சுருக்கத்தைத் தடுப்பதுண்டு. அதைச் செய்தார்களா என்று பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது, எதோடு ஒப்பிட்டார்கள் என்பது. மூலிகை ஜெல்லை உலர்ந்த காஸ் துணியோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஜெல் வெல்லும். அந்த வெற்றி ஈரத்துக்கு உரியதா, மூலிகைக்கு உரியதா என்று பிரிக்கவே முடியாது. மூலிகை சேர்க்காத அதே ஜெல்லோடு ஒப்பிட்டால்தான் விடை கிடைக்கும். மூலிகை ஜெல் தோற்றதும் உண்டு. அமெரிக்காவில் அறுவைக் காயம் பிரிந்துபோன 21 பெண்களிடம் நடந்த ஆய்வு 1991-ல் வெளியானது. வழக்கமான சிகிச்சையில் சராசரியாக 53 நாளில் ஆறிய புண், கற்றாழை ஜெல் வைத்தவர்களுக்கு 83 நாள் எடுத்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கற்றாழையைத் தள்ளிவிட முடியாது. 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 347 பேரை உள்ளடக்கிய ஏழு ஆய்வுகளை அலசி, கற்றாழையைப் பரிந்துரைக்கப் போதுமான தரமான சான்று இல்லை என்றது.

முறையாகச் சோதித்து வென்ற செடிப் பொருளும் இருக்கிறது. பட்டாம்பூச்சிக் குழந்தைகள் என்று சொல்கிறார்களே, தொட்டாலே தோல் கொப்பளித்து உரியும் பிறவி நோய் கொண்ட குழந்தைகள், அவர்களுக்காக பிர்ச் மரப்பட்டையின் சாரத்தைச் சூரியகாந்தி எண்ணெயில் ஜெல்லாக்கினார்கள். தண்ணீருக்குப் பதில் எண்ணெய், ஏனென்றால் பட்டையின் பெட்டுலின் தண்ணீரில் கரையாது. 223 பேரிடம் சோதித்தபோது, ஒப்பீட்டுக் குழுவுக்கும் சூரியகாந்தி எண்ணெயும் மெழுகும் சேர்ந்த ஜெல்லைத்தான் தந்தார்கள், பட்டைச் சாரம் மட்டும் இல்லை. 45 நாளில், தேர்ந்தெடுத்த புண் முழுதாக மூடியது மரப்பட்டை ஜெல் பூசியவர்களில் 41.3 சதவீதம் பேருக்கு. வெறும் ஜெல் பூசியவர்களில் 28.9 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். இடையிலுள்ள பன்னிரண்டு சொச்சப் புள்ளிகளே மூலிகையின் பங்கு. ‘ஃபில்சுவெஸ்’ என்ற பெயரில் ஐரோப்பா 2022-லும் அமெரிக்கா 2023-லும் இதற்கு அனுமதி தந்தன. மஞ்சளுக்கும் வல்லாரைக்கும் இதே கறாரான சோதனை நம் மருத்துவமனைகளில், நம் நோயாளிகளிடம் நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வுப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் கால் புண்ணோடு இருப்பவர்கள் பச்சிலையை அரைத்து நேரடியாகக் கட்ட வேண்டாம். மண்ணோடு வரும் கிருமிகளில் ரணஜன்னிக் கிருமியும் உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் மூலிகை ஜெல்லையும் தானாக வாங்கிப் பூசிக் காத்திருக்க வேண்டாம். காலுக்கு ரத்தம் ஓடுகிறதா, எலும்பு வரை கிருமி இறங்கியிருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். உணர்ச்சி மரத்த பாதத்தில் வலி தெரியாது, நோயாளி அதே புண்ணை ஊன்றி நடந்துகொண்டே இருப்பார். அந்த அழுத்தத்தை எடுக்க முழங்கால்வரை சிறப்பு மாவுக்கட்டோ, அழுத்தத்தைக் குறைக்கும் காலணியோ போடுகிறார்கள். ஜெல் அதன் பிறகு. விரல் கறுத்தாலோ, காய்ச்சலோடு புண் நாறினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.