ஓடுபாதையில் ஒரு திருகாணி

பொழுது விடிந்ததும் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதையில் விமானத்துக்கு முன்னால் மனிதர்கள்தான் இறங்குகிறார்கள். அகலவாக்கில் வரிசை கட்டி, தலையைக் குனிந்து, மெதுவாக நடக்கிறார்கள். கண்ணில் படுகிற சரளைக் கல், கழன்று விழுந்த திருகாணி, கம்பித் துண்டு, தண்ணீர் பாட்டில் மூடி எதுவானாலும் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். உலகத்தின் பல விமானப்படைகளில் இந்த நடை உண்டு. ஜெட் இன்ஜின் எதிரில் இருக்கும் காற்றை அள்ளி விழுங்கும்போது தரையில் கிடப்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். உள்ளே அசுர வேகத்தில் சுழலும் தகடுகளில் ஒன்றின் ஓரம் பிய்ந்தால், பிய்ந்த துண்டு அடுத்த தகட்டைப் பதம் பார்க்கும். தேஜஸ் போர் விமானத்துக்கு இருப்பது ஒரே இன்ஜின். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்ட் விமானம் எரிந்து விழுந்து 113 பேர் இறந்தார்கள்; சற்று முன்னால் கிளம்பிப்போன வேறொரு விமானத்திலிருந்து ஓடுபாதையில் விழுந்திருந்த முழ நீள உலோகப் பட்டை அதன் டயரைக் கிழித்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விமானப்படைத் தளம் தூரத்துச் செய்தி இல்லை. பல்லடத்திலும் சூலூரிலும் தலைக்கு மேல் இடி மாதிரி ஒரு சத்தம் போனால், அண்ணாந்து பார்க்காமலே "ஏர்ஃபோர்ஸ்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்கள் நாம். சூலூர் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. கோவாவில் இருக்கிற ஐ.என்.எஸ். ஹன்சா என்ற கடற்படை விமானத்தளம் 1961 செப்டம்பரில் முதலில் தொடங்கப்பட்டது இங்கேதான். தேஜஸ் விமானங்களின் முதல் படைப்பிரிவான 45-ஆவது ஸ்குவாட்ரன் 2018 ஜூலையில் பெங்களூரிலிருந்து இங்கே வந்தது. இரண்டாவதான 18-ஆவது ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று இங்கேயே உயிர்பெற்றது. குடியரசுத் தலைவரின் கொடி பெற்ற 5-ஆவது பழுதுபார்ப்புத் தளமும் இதே வளாகத்தில் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் தரங் சக்தி பயிற்சிக்காக ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் விமானங்கள் வந்து இறங்கியதும் இங்கேதான். ஆனால் ஒரு விமானத்தளம் என்பது விமானியும் விமானமும் மட்டும் இல்லை. குடியிருப்பு, பள்ளிக்கூடம், கேன்டீன், மெஸ், தண்ணீர்த் தொட்டி, மின்மாற்றி, சாக்கடை என ஒரு சிற்றூருக்கு உரியதெல்லாம் வேண்டும். கட்டடங்களையும் மின்சாரத்தையும் எம்.இ.எஸ். என்கிற ராணுவப் பொறியியல் பிரிவு பார்க்கிறது. அதன் வேலைகளில் பெரும்பகுதி டெண்டர் மூலம் ஒப்பந்தக்காரர் கைக்குப் போகிறது. புல் வெட்டுவது, கூட்டுவது, பாத்திரம் கழுவுவது, ஏ.சி. பழுது நீக்குவது இப்படிப் பல வேலைகளுக்கு கேட் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள். விமானத்தைச் சுற்றியும் சீருடை அணியாத கைகள் உண்டு: விமானம் கட்டும் ஹெச்.ஏ.எல். நிறுவனத்தார், உதிரிபாகம் செய்து கொடுத்த கம்பெனிகளின் பொறியாளர்கள். தேஜஸ் மார்க் 1ஏ விமானத்தின் இறக்கைகளையே எல் அண்ட் டி கோவையில் செய்து கொடுக்கிறது.

ஆகவே தளத்தின் பாதுகாப்பில் பெரும்பங்கு சின்னச் சின்ன வேலைகளில் இருக்கிறது. அந்த வேலைகளில் பல, படையில் சேராதவர்கள் கையில் இருக்கின்றன. இதை ஒப்புக்கொண்டால் இரண்டு காரியம் செய்தாக வேண்டும். தவறு செய்தவர் பயமில்லாமல் அதைச் சொல்ல வழி வேண்டும். அந்த வேலைகளை ஆகக் குறைந்த விலை சொன்னவருக்கே கொடுக்கும் பழக்கம் போக வேண்டும்.

தவறு என்றதும் ஒப்பந்தத் தொழிலாளியைத்தான் நம் மனம் முதலில் நினைக்கும். அது நியாயமில்லை. 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,000 அடி தாண்டியதும் முன்கண்ணாடி பெயர்ந்து பறந்தது. விமானியின் இடுப்புக்கு மேலான உடம்பு வெளியே போய்விட்டது. ஊழியர்கள் அவர் காலை இறுகப் பிடித்துக்கொண்டார்கள், துணை விமானி தரையிறக்கினார், விமானியும் பிழைத்தார். முந்தைய நாள் அதிகாலையில்தான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான அளவு மெலிந்தவை. மிச்சம் ஆறு நீளம் குறைந்தவை. மாட்டியவர் அந்தக் கம்பெனியின் நிரந்தர ஊழியர், அனுபவசாலி, இரவு ஷிஃப்ட்டின் பொறுப்பாளர். ஆள் குறைவான ராத்திரி. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவில் ஜோடி பார்த்து எடுத்திருக்கிறார். சோம்பேறி என்றோ பொறுப்பில்லாதவர் என்றோ அவரைச் சொல்ல முடியாது. வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அக்கறையில்தான் அவரே இறங்கிச் செய்தார். நல்ல வேலைக்காரருக்கும் கண் ஏமாறும். அவர் செய்ததை வேறு ஒருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் அன்று அங்கே இல்லை.

இதைவிட மனதை அழுத்துவது 1996 அக்டோபர் 2-ஆம் தேதி பெரு நாட்டில் நடந்தது. லிமாவிலிருந்து நள்ளிரவு தாண்டிக் கிளம்பிய ஏரோபெரு விமானத்தின் அடிப்பாகத்தைக் கழுவி மெருகேற்றிய தொழிலாளி, காற்றழுத்தத்தை அளக்கும் துளைகளுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க டேப் ஒட்டினார். வேலை முடிந்ததும் பிரிக்க மறந்துவிட்டார். அந்தத் துளைகள் அடைபட்டால் விமானிக்கு உயரமும் தெரியாது, வேகமும் தெரியாது. கும்மிருட்டில், கடலுக்கு மேல், பொய் சொல்லும் கருவிகளோடு போராடிய விமானம் கடலில் விழுந்தது. 70 பேரும் இறந்தார்கள். தண்டனை டேப் ஒட்டியவருக்குக் கிடைத்தது. ஆனால் அந்த டேப் பளிச்சென்று கண்ணில் படும் நிறத்தில் இல்லை. கழுவியபின் சரிபார்க்க வேண்டிய மேற்பார்வையாளர் கண்ணிலும் அது படவில்லை. கிளம்புமுன் விமானத்தைச் சுற்றிவந்த விமானியின் கண்ணிலும் படவில்லை. மூன்று வாசலைத் தாண்டிப்போன தவறுக்கு முதல் வாசலில் நின்றவர் மட்டும் விலை கொடுத்தார்.

வேலையை வெளியாருக்குக் கொடுக்கும்போது தவறு எந்த வழியில் நுழைகிறது என்பதற்கு அதே 1996-இன் மே மாதம் அமெரிக்காவில் இன்னொரு பாடம் உண்டு. வேல்யூஜெட் கம்பெனி பராமரிப்பை சேபர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்திடம் விட்டிருந்தது. கழற்றிய பழைய ஆக்சிஜன் கலன்கள் தற்செயலாக இயங்கத் தொடங்கிச் சூடேறாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் மூடி போட வேண்டும். மூடி கைவசம் இல்லை. கெடு நெருங்கியது. மூடி போட்டதாக வேலை அட்டையில் கையெழுத்து மட்டும் விழுந்தது. அந்தக் கலன்கள் பயணிகள் விமானத்தின் சரக்கறையில் ஏறின. நடுவானில் தீப்பிடித்து 110 பேர் இறந்தார்கள். விசாரணை ஒப்பந்தக்காரரோடு நிற்கவில்லை. அவரைக் கண்காணிக்காத விமானக் கம்பெனியையும், இருவரையும் கண்காணிக்க வேண்டிய அரசுத் துறையையும் சேர்த்தே குற்றம் சொன்னது. போர் விமானப்படைக்கும் இதே கதிதான். 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ் விமானப்படையின் நிம்ராட் தீப்பிடித்து 14 பேர் பலியானார்கள். அந்த விமானத்தின் ஆபத்துகளைக் கண்டறிந்து அறிக்கை எழுதும் வேலை தனியார் நிறுவனத்துக்குப் போயிருந்தது. 2009-இல் வெளியான ஹாடன்-கேவ் அறிக்கை, பட்டியலிட்ட ஆபத்துகளில் 40 சதவீதத்துக்கும் மேல் முடிவு காணாமல் திறந்தே விடப்பட்டிருந்ததைச் சுட்டியது. எழுதியவர், சரிபார்த்தவர், வாங்கிக்கொண்ட பாதுகாப்பு அமைச்சகம் மூவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

சென்னிமலையில் போர்வை நெய்கிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் பாவும் நூலும் வாங்கி, வீட்டுத் தறியில் நெய்து, துண்டுக்குக் கூலி வாங்குகிறவர் அவர். மாதச் சம்பளமும் இல்லை, சீருடையும் இல்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இழையை முடிந்துவிட்டுத்தான் மறுபடி நாடாவை ஓட்டுகிறார். சங்கத்தில் துணியை விரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு அது சங்கத்தின் துணி. கடைக்காரர் நெசவாளியைத் தேடி வருவதில்லை. கூலிக்குச் செய்த வேலையானாலும் தரம் நிற்பதற்கு, ஒரே கை வருஷக்கணக்கில் அதே வேலையில் இருப்பதும், வாங்குகிறவர் பிரித்துப் பார்ப்பதும்தான் காரணம்.

ராணுவத்தில் தவறைப் பொறுத்துக்கொண்டால் கட்டுப்பாடு என்னாவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு பகுதியில் விழுந்தது. வகுத்த நடைமுறையிலிருந்து விலகியதே காரணம் என்று கண்டறிந்து, ஆகஸ்டில் மூன்று அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விதி தெரிந்தே மீறுவது வேறு, களைப்பில் மறப்பது வேறு. பழுதுபார்க்கும் கூடங்களில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே பலகையில் இடம் வரைந்து வைத்திருப்பது மறதியை எதிர்பார்த்துத்தான். சாயங்காலம் ஓர் இடம் காலியாக இருந்தால், அந்த ஸ்பேனர் கிடைக்கும்வரை விமானம் பறக்காது. "சார், என் ஸ்பேனரைக் காணோம்" என்று ஒருவர் வாய் திறந்து சொல்வதில்தான் இந்த ஏற்பாட்டின் உயிர் இருக்கிறது. தண்டிக்கும் துறையிடமே போய் யாரும் தன் தவறைச் சொல்லமாட்டார்கள் என்று அறிந்துதான், 1976 முதல் அமெரிக்காவில் விமானத் தவறுகளை ரகசியமாகப் பெறும் பொறுப்பை நாசாவிடம் விட்டிருக்கிறார்கள். நிரந்தரப் பணியில் இருப்பவருக்காவது விசாரணை, விளக்கம் என்று நாலு படி உண்டு. ஒப்பந்தத் தொழிலாளி வாயைத் திறந்தால் நாளைக்கு கேட் பாஸ் இருக்காது. அவர் பேசாமல் இருந்துவிட்டால் அந்த ஸ்பேனர் எங்கே கிடக்கும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளியாட்களை உள்ளேயே விடக்கூடாது, உளவு அபாயம் இருக்கிறது என்பவர்களும் உண்டு. அபாயம் உண்மைதான். ஆனால் துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி பெற்ற வீரரைப் புல் வெட்டவும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் நிறுத்துவது நாட்டுக்கு லாபம் இல்லை. உளவு பயம் இருக்கிறவர்கள், வருஷத்துக்கொரு டெண்டரில் ஆட்களே மாறுவதற்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். முகம் தெரிந்த, பத்து வருஷமாக வந்துபோகிறவரைவிடப் புதுசாக வந்த நாற்பது பேரைக் கண்காணிப்பது கடினம்.

புல் வெட்டுவதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓடுபாதை ஓரத்துப் புல்லை வெட்டியதும் பூச்சிகள் வெளிப்படும். கொக்கும் மைனாவும் ஆட்காட்டியும் இறங்கும். வெட்டாமல் விட்டால் எலி பெருகும், பருந்து வட்டமிடும். எப்போது வெட்டுவது, எவ்வளவு உயரம் விடுவது, வெட்டிய புல்லை எத்தனை சீக்கிரம் அள்ளுவது என்பதெல்லாம் அனுபவத்தால் வருகிற அறிவு. 2019 ஜூனில் அம்பாலாவில் கிளம்பிய ஜாகுவார் போர் விமானத்தின் மீது பறவை மோதியபோது, விமானி எரிபொருள் தொட்டிகளையும் பயிற்சிக் குண்டுகளையும் கீழே உதறிவிட்டுத்தான் உயிரோடு இறங்க முடிந்தது. வேலிக்கு வெளியே நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. விமானத்தளத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் குப்பையும் இறைச்சிக் கழிவும் கொட்டக் கூடாது என்று விமான விதிகள் சொல்கின்றன. கறிக்கோழிக்குப் பேர்போன பல்லடம் பக்கத்தில் இருக்கிற தளம் இது. சாலையோரம் கொட்டப்படும் ஒரு மூட்டைக் கோழிக் கழிவு போதும், வானத்தில் பருந்து கூடுவதற்கு.

செலவு அதிகமாகுமே, அரசு விதி குறைந்த விலைக்குத்தானே கொடுக்கச் சொல்கிறது என்பது கடைசியாக வரும் மறுப்பு. அந்த விதி மாறிவிட்டது. 2021 அக்டோபரில் மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், தரம் முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட பணிகளுக்கும் சேவைகளுக்கும் டெண்டரில் 30 சதவீதம் வரை தரத்துக்கு மதிப்பெண் தர இடம் கொடுத்திருக்கிறது. பழைய ஆட்களைத் தொடர்ந்து வைத்திருப்பது, பயிற்சி தருவது, தவறைச் சொன்னவரை வேலையிலிருந்து நீக்காமல் இருப்பது ஆகியவற்றுக்கு அந்த மதிப்பெண்ணை ஒதுக்கலாம். சூலூர் ஓடுபாதையைச் சுற்றிப் புல் வெட்டவும் கூட்டவும் அடுத்து விடுகிற டெண்டரை இந்த விதியின் கீழ் விட வேண்டும்.