கதை சொன்னது நான்... தூக்கம் கெட்டது மகளுக்கு!

குடும்பத்தையும் கவனித்துக்கொண்டு கதையும் எழுத முடியுமா என்று பல சகோதரிகளுக்குச் சந்தேகம் இருக்கும். முடியும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால், அதில் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கு உதவும்.

எங்களுக்குக் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டிலும் தறிதான். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒருவரால் மட்டும் ஆகாது. மறுகோடியில் உட்கார்ந்து கரை கோர்க்க இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் அப்பாவுக்கு அந்த ஆள் நான்தான். 1991-ல் ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்பாவைக் குறை சொல்லமாட்டேன். முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார், கூலிக்கு ஆள் வைக்க வழியில்லை. புடவையை அறுத்துக் கொண்டுபோனால் இன்னார் நெய்தது என்று அப்பா பெயரைச் சொல்வார்கள். மறுகோடியில் உட்கார்ந்தவளை யார் கேட்கப்போகிறார்கள்?

தறியில் தூக்கம் வராமல் இருக்க எனக்கு நானே கதை சொல்லிக்கொள்வேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்வேன். பெரியவள் ஒருநாள், "இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமேம்மா" என்றாள். எனக்கோ எந்த 'ற' எங்கே வரும் என்றே தெரியாது. "நீ சொல்லு, நான் எழுதறேன்" என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது எங்கள் நூலகத்தில் வை.மு.கோதைநாயகி அம்மாள் பற்றிப் படித்தேன். 1901-ல் பிறந்தவர். ஆறு வயதுக்குள் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் சொல்லச் சொல்ல ஒரு தோழி எழுதித் தந்ததுதான் முதல் நாடகம் 'இந்திர மோகனா'. பிறகு 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். அவரே சொல்லித்தானே எழுத வைத்தார், நமக்கென்ன என்று எனக்கு ஒரே தைரியம்!

தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் நான் சொல்வேன், மகள் எழுதுவாள். அனுப்பிய முதல் இரண்டு கதைகளுக்குப் பதிலே இல்லை. மூன்றாவதை ஒரு வார இதழ் போட்டது. தறியில் கரை கோர்க்கும் சிறுமி ஒருத்தி தூங்கி விழுவதுதான் கதை. மாமியார் பத்திரிகையைத் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தடுத்து நாலு கதைகள் சொல்லி எழுத வைத்தேன்.

மகள் அப்போது பிளஸ் டூ. அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் மார்க் பாதியாகிவிட்டது. பள்ளியிலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "உனக்கு எழுதி முடிச்சிட்டு பதினோரு மணிக்கு மேலதானேம்மா படிக்கிறேன். தூக்கம் வந்துடுது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. தூங்கி விழும் சிறுமியைப் பற்றி ஊருக்குக் கதை சொன்னவள், என் பெண்ணையே மறுகோடியில் உட்கார வைத்திருக்கிறேன்! அப்பாவுக்காவது வயிற்றுப்பாடு. எனக்கு என்ன? பத்திரிகையில் பெயர் வரும் ஆசைதானே?

அன்றோடு நோட்டை மூடினேன். இரண்டு மாதம் எழுத்துப் பக்கமே போகவில்லை. மனசு மட்டும் அடங்கவில்லை, சோறு வடிக்கும்போதெல்லாம் யாராவது உள்ளே பேசிக்கொண்டே இருப்பார்கள். மறுபடியும் கோதைநாயகி அம்மாள் நினைவுக்கு வந்தார். சொல்லி எழுத வைத்ததை மட்டும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். பிறகு அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

இரட்டை வரி நோட்டு ஒன்று வாங்கினேன். ல, ள, ழ-விலிருந்து ஆரம்பித்தேன். "செல்போன்ல சொன்னா அதுவே எழுதிக்குமே" என்றான் சின்னவன். சொல்லிப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் ஊடை என்றால் உடை என்று எழுதுகிறது! கையால் எழுதுவதே மேல் என்று விட்டுவிட்டேன்.

நேரத்துக்குத்தான் வீட்டுக்காரரிடம் போராட வேண்டியிருந்தது. "கதையா கஞ்சி ஊத்தும்?" என்றார். "ஊத்தாது. ஆனா ராத்திரி ஒரு மணி நேரம் தார் நீங்க சுற்றுங்க. பொண்ணு படிக்கட்டும், நான் எழுதறேன்" என்றேன். நாலு நாள் முறைத்தார். ஐந்தாம் நாள் ராட்டை முன்னால் உட்கார்ந்தார். மழைக்காலத்தில் தெருவில் பாவு போட முடியாது, தறி நின்றுவிடும். கைக்குக் கூலி வராத அந்த நாட்களில்தான் எனக்குப் பக்கங்கள் ஓடும். அடுப்புக்குக் கஷ்ட நாள், நோட்டுக்கு நல்ல நாள்!

வீட்டில் இருந்தபடி எழுதியவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். 1947-ல் 'கல்கி' சிறுகதைப் போட்டியில் பரிசு பெற்ற அநுத்தமாவுக்கு மாமனாரே தூண்டுகோல். துவரங்குறிச்சி சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து எழுதினார். எழுதியதை வெளியே அனுப்ப அவருடைய அம்மா துணையாக இருந்தார். 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல் வந்தது. துணையில்லாமல் யாரும் எழுதிவிடவில்லை. அந்தத் துணை பெரியவர்களாகப் பார்த்துக் கொடுத்ததா, படிக்கிற பிள்ளையிடம் நாம் பிடுங்கியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மகள் நல்ல மார்க் வாங்கி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் வருஷத்துக்கு இரண்டு கதை எழுதினால் அதிகம். அதிலும் ஒன்று திரும்பி வந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளாகவே நோட்டை வாங்கி, பிழைகளுக்குச் சிவப்புக் கோடு போடுவாள். போன வாரம் ஒரு பக்கத்தில் மூன்றே கோடுதான்.

சகோதரிகளே, எழுதுங்கள். அதற்கு முன்னால், உங்கள் தறியின் மறுகோடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் முழுக்க என் கையெழுத்துதான். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளவும்.

- நெசவாளி வாசகி ஒருவர், காஞ்சிபுரம்.