கொஞ்சம் கோதுமை மாவும் ஆகாது: சீலியாக் நோயாளி அறிய வேண்டியவையும் கேட்கும் உரிமையும்

விடியற்காலையிலேயே கொழும்பு மட்டக்குளி ஒழுங்கைகளுக்குள் பாட்டுப் போட்டபடி சூன் பாண் ஓட்டோ வந்துவிடும். காலையில் பாண், பள்ளிக்கூட இடைவேளைக்கு மாலு பாண், பின்னேரத் தேநீருக்கு பிஸ்கட், இரவுக்குக் கொத்து ரொட்டி என்று நாள் முழுக்க நாம் சாப்பிடுவது கோதுமை மா. பெரும்பாலானவர்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. சீலியாக் நோய் உள்ளவருக்கோ அதில் ஒரு சிட்டிகைகூட ஆகாது. இந்த நோயைக் குணமாக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை, சாப்பாடுதான் வைத்தியம். எனவே தட்டில் இருப்பது என்ன என்று கேட்பது அந்த நோயாளியின் உரிமை. உள்ளதை உள்ளபடி சொல்வது சமைப்பவர், விற்பவர் கடமை.

குடலுக்குள் நடப்பது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பராட்டா மாவை வீசும்போது அறாமல் நீளச் செய்வது அதுதான். சீலியாக் உள்ளவர் அதைச் சாப்பிட்டால், உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மழுங்குகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்புச்சத்தும் கல்சியமும் விற்றமின்களும் உடம்பில் ஒட்டாது.

மாறாத வயிற்றோட்டம், வயிற்றுப் பொருமல், இரும்புக் குளிசை போட்டும் தீராத இரத்தச்சோகை, வளர்த்தி குறைந்த பிள்ளை, அடிக்கடி வரும் வாய்ப்புண், இளவயதிலேயே எலும்பு பலமிழத்தல், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு, முழங்கையிலும் முழங்காலிலும் கடிக்கும் கொப்புளங்கள் எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். வயிற்றுக் கோளாறே இல்லாத நோயாளிகளும் உண்டு. கவனிக்காமல் விட்டால், அரிதாகச் சிலருக்குக் குடலில் புற்றுநோயும் வரலாம்.

காரணம் கோதுமைதான் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லம் டிக்கே. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அந்த நாட்டில் பாண் அரிதானது. அப்போது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் மீண்டும் கிடைத்ததும் திரும்ப விழுந்தார்கள். ஏற்கெனவே சந்தேகம் கொண்டிருந்த டிக்கே, 1950இல் தன் ஆய்வேட்டில் அதை உறுதிப்படுத்தினார்.

"எங்களுக்கு இது வராது" என்ற எண்ணம்

உலகில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அரிசி தின்னும் நமக்கு ஏன் வரப்போகிறது என்று கேட்பவர்கள், 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தார்கள். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு மூன்று இடத்திலும் மூன்றில் ஒருவரளவில் இருந்தது. நோயோ வடக்கில் அதிகம், தெற்கில் மிகக் குறைவு. வடக்கில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட கோதுமை 455 கிராம். தெற்கில் 25 கிராம்.

நம்மவர்களிலும் பலருக்கு அந்த மரபணு இருக்கலாம். மாறியிருப்பது சாப்பாடு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் வந்து திருகோணமலையிலும் கொழும்பிலும் அரைபடும் மா, நம் மூன்று வேளைச் சாப்பாட்டிலும் புகுந்துவிட்டது. ஆகவே காரணம் தெரியாத இரத்தச்சோகையோ வயிற்றோட்டமோ நீடித்தால், "சீலியாக் சோதித்துப் பார்க்கலாமா, டொக்டர்?" என்று நாமே கேட்க வேண்டும். பெற்றோர், பிள்ளை, கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், அல்லது நமக்கே முதலாம் வகை நீரிழிவோ தைரொயிட் நோயோ இருந்தால், இன்னும் கவனம் தேவை.

சோதிக்கும் முன் பாணை நிறுத்தாதீர்கள்

முதலில் செய்வது டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை. அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்க வேண்டும். அது இயல்பிலேயே குறைந்தவர்களுக்கு முடிவு பொய்யாக "இல்லை" என்று வந்துவிடும். அடுத்தது எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பது. வைத்தியரைக் காணும் முன்பே கோதுமையை விட்டுவிட்டால் இரண்டு சோதனையும் ஏமாற்றிவிடும். பிறகு உறுதிசெய்வதற்காகவே வாரக்கணக்கில் கோதுமையைத் திரும்பச் சாப்பிடச் சொல்வார்கள். வட்சப்பில் வந்த அறிவுரையைக் கேட்டுத் தாமாகப் பத்தியம் தொடங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பெரியவர்கள் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும், பிள்ளைகள் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் கட்டணமின்றி வைத்தியரைக் காணலாம். நோய் உறுதியானால் பத்தியம் ஆயுள் முழுக்க.

மறைந்திருக்கும் மா

பாணும் பராட்டாவும் றோல்ஸும் கண்ணுக்குத் தெரியும் எதிரிகள். கண்ணுக்குத் தெரியாதவையே அதிகம் கெடுக்கின்றன.

- கடை இடியப்பம், புட்டு, அப்பம்: அரிசி மாவோடு கோதுமை மாவும் கலந்திருக்கலாம். வெள்ளை இடியப்பம் முழுக்கக் கோதுமை மாவாகவே இருக்கலாம்.
- தோசை: யாழ்ப்பாணப் பக்குவத்தில் உழுந்தோடு கோதுமை மா சேர்ப்பது வழக்கம்.
- குரக்கன் பாண்: பெயர்தான் குரக்கன், பெரும்பங்கு கோதுமை.
- கூட்டுப் பெருங்காயம், சோயா சோஸ், சில சோயா மீட் வகைகள், ரவை, கட்லட்டின் பாண் தூள்.
- மோல்ட் பானங்கள்: அவை பார்லியிலிருந்து வருபவை.
- வடை: மா சேராத வடையும் றோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்தால் ஆகாது.
- மில்லில் அரைக்கும் மா: முன்னால் கோதுமை அரைத்திருந்தால் உங்கள் குரக்கனிலும் அது கலக்கும்.

"கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது" என்று அன்போடு சொல்பவர்கள் உண்டு. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதத்தில் குடலைப் பழுதாக்கப் போதுமாக இருந்தது. ஒரு துண்டுப் பாணில் இருப்பது அதைவிடப் பல மடங்கு. மாமி மனம் நோகக்கூடாது என்று ஒரு பற்றிஸ் தின்பவர், தன் குடலால் அதற்கு விலை கொடுக்கிறார்.

வீட்டில் நோயாளிக்கென்று தனித் தோசைக்கல், தனி அரிதட்டு, தனி மா டப்பா வையுங்கள். பாண் துகள் படிந்த கத்தியைப் பட்டரில் வைக்காதீர்கள். சோறு, பருப்பு, மீன் குழம்பு, மரவள்ளி, குரக்கன் கூழ், ஒடியல் புட்டு, பயறு, உழுந்தங்களி என்று நம் சொந்தச் சமையலில் பெரும்பகுதி இயல்பாகவே குளூட்டன் இல்லாதது. விலை கூடிய வெளிநாட்டு பிஸ்கட்டைத் தேடி அலையத் தேவையில்லை.

ஆலயத்திலும் விருந்திலும்

மட்டக்குளியிலும் கொட்டாஞ்சேனையிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறைய. நற்கருணை அப்பமும் கோதுமைதான். குளூட்டன் முற்றிலும் இல்லாத அப்பம் செல்லாது என்று வத்திக்கான் 2003இலும் 2017இலும் எழுதியிருக்கிறது. ஆனால் குளூட்டன் மிகக் குறைத்த அப்பத்தை அது ஏற்கிறது. திராட்சை இரசத்தை மட்டும் உட்கொள்ளவும் அனுமதி உண்டு. அப்பத் துணுக்கு போடாத தனிக் கிண்ணம் வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கோயிலில் பொங்கலும் சுண்டலும் வாங்கலாம். ரவைக் கேசரியைத் தவிருங்கள். ரமழான் நோன்புக் காலத்து அரிசிக் கஞ்சியில் வேறு மா சேரவில்லை என்று கேட்டறிந்து குடிக்கலாம். கூட வரும் சமோசா வேண்டாம்.

சட்டம் உங்கள் பக்கம்

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் சேர்மானம் பற்றியோ பாதுகாப்பு பற்றியோ தவறான எண்ணம் தரும் வகையில் லேபல் ஒட்டுவதையும் விற்பதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, ஏமாற்றி விற்பவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். "முழுக்க அரிசி மா" என்று சொல்லிக் கோதுமை கலந்து விற்றால் அது புகாருக்குரிய விடயம்.

செய்ய வேண்டியது இதுதான்: பொதி, பில், மிச்ச உணவு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள், லேபலைப் படம் எடுங்கள். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்திலும் கொடுங்கள், தாமதிக்காதீர்கள். பேக்கரி, ஹோட்டல் பற்றிய முறைப்பாட்டைக் கொழும்பு மாநகர சபையின் பொதுச் சுகாதார பரிசோதகரிடம் கொடுக்கலாம். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தந்திருக்கிறது. சிங்களம் தெரியவில்லை என்று முறைப்பாட்டைக் கைவிடாதீர்கள்.

பொதியில் "குளூட்டன் இல்லாதது" என்று இருந்தால், சர்வதேச கோடெக்ஸ் தரப்படி அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. "கோதுமை இல்லை" என்பது அதற்கு ஈடாகாது, பார்லி இருக்கக்கூடும்.

பிள்ளைக்கு நோய் இருந்தால் வகுப்பாசிரியரிடமும் கன்டீன் நடத்துபவரிடமும் எழுத்தில் அறிவியுங்கள். பிறந்தநாள் கேக் வெட்டும் நாளில் அந்தப் பிள்ளைக்கும் அதே தட்டில் எள்ளுருண்டையோ கொக்கிஸோ, கோதுமை கலக்காமல் செய்து வையுங்கள். நோயாளி ஒருவர் கடையில் "இதில் என்ன மா?" என்று கேட்டால் முகம் சுளிக்காமல் பதில் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். ஊகித்துச் சொல்லும் ஒரு "இல்லை"யைவிட அந்தப் பதில் அவரைக் காப்பாற்றும்.