டெக்சாஸ் வீட்டுக்குப் பாலிசி, பெல்லந்தூர் வீட்டுக்கு?

1930ஆம் ஆண்டு. சிகாகோவுக்குப் போகும் புறநகர் ரயிலில் சில நண்பர்கள் பிரிட்ஜ் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கார்ல் ஒடெல் என்ற இன்சூரன்ஸ் தரகர். இன்னொருவர் சியர்ஸ் ரோபக் என்ற மாபெரும் தபால்வழி வியாபார நிறுவனத்தின் தலைவர் ராபர்ட் வுட். கேட்லாக்கைப் புரட்டி டயர் வரை எல்லாவற்றையும் தபாலில் வாங்கும் மக்கள், கார் இன்சூரன்ஸையும் அப்படியே வாங்குவார்களே என்றார் ஒடெல். மறு ஆண்டே ஆல்ஸ்டேட் பிறந்தது. பெயர்கூட சியர்ஸ் விற்ற டயரின் பெயர்தான்.

இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய வாகன, வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அதன் தொழில்நுட்பப் பணிகளில் ஒரு பகுதி 2012 முதல் பெங்களூருவில் நடக்கிறது. அது மட்டுமல்ல. வெளிநாட்டுக் காப்பீட்டு, மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றுக்கு இந்த நகரத்தில் அலுவலகம் உண்டு. எங்கோ ஒரு கூரை காற்றில் பறந்தால், அந்தக் கிளெய்ம் நகரும் மென்பொருளை எழுதியவர் ஒயிட்ஃபீல்டிலோ சர்ஜாபூர் சாலையிலோ குடியிருப்பவராக இருக்கலாம். உள்நாட்டு நிறுவனங்களும் குறைவில்லை. 2017இல் உரிமம் பெற்ற டிஜிட், ஆக்கோ இரண்டுமே இங்கிருந்து இயங்குகின்றன. 2024 மே மாதம் டிஜிட் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

இப்படிப்பட்ட நகரத்தில்தான் 2022 செப்டம்பர் வெள்ளம் வந்தது.

செப்டம்பர் 4 இரவு தொடங்கிய மழை விடிவதற்குள் 130 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. ராஜகால்வாய்கள் எனப்படும் மழைநீர்க் கால்வாய்களில் ஆக்கிரமிப்புகள் இருந்ததால் தண்ணீருக்குப் போக வழியில்லை. பெல்லந்தூர், யமலூர், சர்ஜாபூர் சாலை எல்லாம் மூழ்கின. எப்சிலான் போன்ற கோடீஸ்வரர் குடியிருப்புகளில் சொகுசு கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன. ரெயின்போ டிரைவ் லேஅவுட்டில் மக்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் போன படங்களை நாடே பார்த்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஆகஸ்ட் 30 மழையில் ஊழியர்கள் ஐந்து மணி நேரம் சாலையில் சிக்கியதால் மட்டும் 225 கோடி ரூபாய் இழப்பு என்று வெளிவட்டச் சாலை நிறுவனங்களின் சங்கம் அப்போதைய முதலமைச்சர் பசவராஜ் பொம்மைக்குக் கடிதம் எழுதியிருந்தது.

நிறுவனங்களின் இழப்புக்குக் கணக்கு உண்டு. வீடுகளுக்குள் போன தண்ணீருக்கு? சோபா, ஃபிரிட்ஜ், மர வேலைப்பாடு, ஊறிப்போன சுவர் எல்லாவற்றுக்கும் பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் சேமிப்பிலிருந்தே செலவழித்தன. காருக்குப் பாலிசி இருந்தது, சட்டம் கேட்கிறது என்பதற்காக. வீட்டுக்கு இல்லை, யாரும் கேட்கவில்லை என்பதற்காக. இந்தியாவில் ஆயுள் அல்லாத காப்பீட்டின் பிரீமியம் முழுவதையும் கூட்டினாலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1 சதவீதம்தான். அதிலும் பெரும்பகுதி வாகனத்துக்கும் மருத்துவத்துக்கும் போய்விடுகிறது.

அமெரிக்காவில் கதை வேறு. வீட்டுக் கடன் வாங்கினால் வங்கி விடாது. பாலிசி எடுத்தே தீரவேண்டும். ஆனால், அந்தப் பாலிசியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. தீ உண்டு, காற்று உண்டு, திருட்டு உண்டு, வெள்ளம் கிடையாது. ஆற்றோரத்து வீடுகளுக்கு வெள்ளக் காப்பீடு தரத் தனியார் நிறுவனங்கள் தயங்கியதால், 1968இல் அரசே தனித் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. அதைத் தனியாக வாங்க வேண்டும். வீட்டின் கட்டுமானத்துக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் டாலர்தான். 2017இல் ஹார்வி புயல் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரத்தை மூழ்கடித்தபோது, தண்ணீர் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை என்பது தெரியவந்தது.

நம்மிடம் அந்த ஓட்டை இல்லை. இதைத்தான் பெங்களூருவின் ஒவ்வொரு அபார்ட்மென்ட் சங்கமும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைத் தரவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. தீ, நிலநடுக்கம், புயல் ஆகியவற்றோடு வெள்ளமும் அதன் அடிப்படைப் பாலிசியிலேயே அடக்கம். கட்டடத்துக்கு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுப் பொருட்களுக்கும் தானாகவே காப்பு கிடைக்கும். வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுக்கலாம். நகைக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்தப் பாலிசி மனையின் விலையைப் பார்ப்பதில்லை. கட்டடத்தைத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதைத்தான் பார்க்கிறது. நிலம்தான் பொன் விலை விற்கும் பெங்களூருவில் இது வாங்குபவருக்குச் சாதகம். ஒன்றரைக் கோடி கொடுத்து வாங்கிய ஃபிளாட்டின் கட்டுமானச் செலவு அதில் ஒரு பகுதிதான். அதனால் பிரீமியமும் பயப்படும் அளவுக்கு இருக்காது. மாதாமாதம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சிறு தொகை.

கார் வைத்திருப்பவர்களுக்கும் 2022 ஒரு பாடம் கற்பித்தது. தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால், வெள்ளத்தில் மூழ்கிய சொந்தக் காருக்கு ஒரு பைசா வராது. முழுப் பாலிசி இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் நீர் ஏறிவிட்டால், அந்த எஞ்சின் செலவைத் தர நிறுவனங்கள் பொதுவாக மறுத்துவிடும். அது வெள்ளத்தால் வந்த சேதம் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்பது அவர்களின் வாதம். ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பு இதற்காகவே இருக்கிறது. மூழ்கிய வண்டியைத் தொடாமல், படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, கட்டி இழுத்துப் போகச் சொல்வதே சரி.

நிறுவனங்கள் மீது மக்களுக்குள்ள அவநம்பிக்கை நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. பாலிசி விற்கும்போது இருக்கும் வேகம் கிளெய்மில் இருப்பதில்லை; சர்வேயர் குறைத்து மதிப்பிட்டார் என்ற புகார் எங்கும் கேட்கிறது. அதே சமயம், பெரும் இழப்பு வந்தபோது பணம் வராமலும் இல்லை. 2015 சென்னை வெள்ளத்தின் மொத்த இழப்பு சுமார் 220 கோடி டாலர் என்று சுவிஸ் ரீ மதிப்பிட்டது. அதில் காப்பீடு ஈடுசெய்தது சுமார் 75 கோடி டாலர். மீதியை மக்களும் அரசும் சுமந்தார்கள்.

எனவே மழைக்காலத்துக்கு முன் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். கட்டடம் முழுவதற்கும் சங்கத்தின் பேரில் ஒரு பாலிசி, உள்ளே இருக்கும் பொருட்களுக்கு அவரவர் பேரில் ஒன்று என்று முடிவெடுங்கள். பொருட்களின் பில்களையும் படங்களையும் வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தில் சேமித்து வையுங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஜே.பி. நகரில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.